டிரைவரும் பயனர் நிரலும் ஒரே நினைவகத்தைப் பயன்படுத்துவது எப்படி?

கேள்வியின் சாரத்தை முதலில் குறித்துக்கொள்கிறேன். படங்களைப் பிடித்துத் தரும் ஒரு சாதனத்துக்கு நீங்கள் டிரைவர் எழுதுகிறீர்கள். ஒவ்வொரு படத்தையும் இயங்குதளத்தின் மையமான கர்னலிலிருந்து பயனர் நிரலுக்கு நகலெடுத்துக் கொடுப்பதில் சிபியு நேரம் வீணாகிறது என்று கருதி, கர்னல் பஃபரின் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதியின்) முகவரியையே ஓர் ஐஆக்டில் அழைப்பின் (நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பின்) விடையாக நிரலுக்கு அனுப்பிப் பார்த்தீர்கள். நிரல் அந்த முகவரியைத் தொட்ட மாத்திரத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் (உரிமையில்லாத முகவரியைத் தொட்ட பிழை) ஆகி விழுந்தது. நகலெடுக்காமல் இருதரப்பும் ஒரே நினைவகத்தைப் பயன்படுத்துவது எப்படி என்றும், லினக்ஸிலும் விண்டோஸிலும் அதற்கு ஒரே வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நிரல் விழுந்ததில் வியப்பில்லை. நிரல் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரி என்பது ஒரு பக்க அட்டவணையோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் தரும் எண். நினைவகத்தைப் பக்கங்கள் என்ற துண்டுகளாகப் பிரித்து, எந்த மெய்நிகர் முகவரி எந்தப் பௌதிகப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்வது அந்த அட்டவணை. கர்னல் பகுதிக்கான பக்கங்கள் அட்டவணையில் இருந்தாலும், 'பயனர் முறையில் தொடக்கூடாது' என்ற குறியோடுதான் இருக்கும். 2018இல் மெல்ட்டவுன் என்ற செயலிக் குறைபாடு வெளியானதற்குப் பிறகு, அதற்கு இலக்காகும் செயலிகளில் பயனர் நிரல் ஓடும்போது கர்னலின் பெரும்பகுதி அந்த அட்டவணையிலேயே இருப்பதில்லை. ஆகவே பகிர்வது என்றால் முகவரியைக் கொடுப்பது அன்று; ஒரே பௌதிகப் பக்கத்துக்கு இரண்டு மெய்நிகர் முகவரிகளை உண்டாக்குவது. ஒன்று கர்னலுக்கு, மற்றொன்று அந்தக் குறிப்பிட்ட புராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிரலுக்கு மட்டும். இரண்டு எண்களும் வேறுவேறாக இருக்கும். இதிலிருந்தே ஒரு விதி பிறக்கிறது: பகிர்ந்த பகுதிக்குள் பாயின்டர் எதையும் எழுதி வைக்காதீர்கள், பகுதியின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்ற ஆஃப்செட்டை மட்டும் எழுதுங்கள்.

இவ்வளவு சிரமம் தேவைதானா என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு படம், புள்ளிக்கு 2 பைட் வீதம், 41,47,200 பைட் ஆகும். நொடிக்கு 60 படம் என்றால் ஏறத்தாழ 249 மெகாபைட். நகலெடுப்பதற்கு அத்தனையையும் ஒருமுறை படித்து ஒருமுறை எழுத வேண்டும் என்பதால், நினைவகப் பாதையில் நொடிக்கு 500 மெகாபைட் அளவுக்குப் போக்குவரத்து கூடுகிறது. கேஷில் இருந்த பயனுள்ள தரவும் வெளியே தள்ளப்படுகிறது. உங்கள் நிலைக்குப் பகிர்வு நியாயமானதுதான். ஆனால் 48 பைட் அளவுள்ள சென்சார் அளவீட்டை நொடிக்கு ஆயிரம் முறை அனுப்பும் டிரைவருக்கு அதே வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நொடிக்கு 48,000 பைட்டை நகலெடுப்பது இன்றைய செயலிக்கு ஒரு பொருட்டே அல்ல. பெரும்பாலான டிரைவர்களுக்குச் சாதாரண ரீட் அழைப்பே போதும் என்பது என் கருத்து. மேலும், ஒவ்வொரு படத்துக்கும் பக்கங்களை இணைத்து, முடிந்ததும் விடுவிக்கும் வடிவமைப்பு நகலெடுப்பதைவிட மெதுவாக ஓடக்கூடும். ஏனெனில் ஒரு பக்கத்தை அட்டவணையிலிருந்து நீக்கும்போது, அந்தப் புராசஸ் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற கோர்களின் டிஎல்பியிலிருந்தும் (அட்டவணைப் பதிவுகளை நினைவில் வைத்திருக்கும் சிறு கேஷிலிருந்தும்) அதை அழிக்க வேண்டும். பல செயலிகளில் அதற்காகக் கோருக்குக் கோர் இன்டரப்ட் அனுப்ப வேண்டியிருக்கும். இணைப்பை ஒருமுறை உண்டாக்கிக் கடைசி வரை வைத்திருந்தால்தான் லாபம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் வீடியோ சாதனங்களுக்கான வி4எல்2, ஒலிக்கான ஆல்சா, நெட்வொர்க் பாக்கெட்டுகளுக்கான ஏஎஃப் பாக்கெட், ஏஎஃப் எக்ஸ்டிபி ஆகியவற்றில் இந்தப் பகிர்வு ஏற்கெனவே செய்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு டிரைவரின் பஃபரை இன்னொரு டிரைவருக்கு நகலின்றிக் கொடுப்பதற்கு, 2012இல் வெளியான 3.3 பதிப்பிலிருந்தே டிஎம்ஏ பஃப் என்ற வசதி இருக்கிறது. உங்கள் சாதனம் இவற்றுள் ஒன்றில் பொருந்துமானால் அதற்குள் நுழைந்துவிடுங்கள். கீழே சொல்லும் பிழைகளுள் பாதியை உங்களுக்கு முன்னால் வேறு யாரோ செய்து திருத்தியிருப்பார்கள். பொருந்தாவிட்டால் மேலே படியுங்கள்.

இரண்டு இயங்குதளங்களுக்கும் பொதுவான ஒரே வழி கிடையாது. ஆனால் இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பக்கங்கள் யாருடையவை, நிரல் எதிர்பாராமல் செத்துப்போனால் அவற்றை யார், எந்தக் கணத்தில் விடுவிப்பார்? பகிர்வை உண்டாக்கும் நிரல்வரிகள் பத்துப் பதினைந்துதான் இருக்கும். அவை முதல் நாளே ஓடிவிடும். பிழைகள் எல்லாம் பகிர்வு முடியும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். இந்தக் கேள்விக்கு லினக்ஸின் மரபு ஒரு விடையையும் விண்டோஸின் மரபு அதற்கு நேர்மாறான விடையையும் தருகின்றன.

லினக்ஸில் இயல்பான வழி, நினைவகம் டிரைவருடையதாக இருப்பதும், நிரல் எம்மேப் அழைப்பின் மூலம் அதைத் தன் முகவரி வெளிக்குள் கொண்டுவருவதும் ஆகும். நிரல் எம்மேப் அழைக்கும்போது கர்னல் விஎம்ஏ என்ற ஓர் அமைப்பை உருவாக்கி, உங்கள் டிரைவரின் எம்மேப் செயற்கூற்றிடம் கொடுக்கிறது. தொடக்க முகவரி, முடிவு முகவரி, பக்கக் கணக்கில் ஆஃப்செட் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். மூன்றும் நிரல் கேட்டவை. எதையும் நம்ப வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 டிசம்பரில் எக்ஸினோஸ் சிப் பொருத்திய ஃபோன்களில் தெரியவந்த குறைபாடே சான்று. எக்ஸினோஸ் மெம் என்ற டிவைஸ் கோப்பு எல்லாருக்கும் திறந்திருந்தது. அதை எம்மேப் செய்த எந்த ஆப்பாலும் ஃபோனின் பௌதிக நினைவகம் முழுவதையும் படிக்கவும் எழுதவும் முடிந்தது. எல்லையைச் சரிபார்க்கும்போது ஆஃப்செட்டையும் நீளத்தையும் கூட்டிப் பார்க்காதீர்கள். கூட்டல் வழிந்து சிறிய எண்ணாகத் திரும்பிவிடலாம். ஆஃப்செட் மொத்தப் பக்கங்களைவிடக் குறைவா என்று முதலில் பார்த்துவிட்டு, மொத்தத்திலிருந்து அதைக் கழித்து, மீதிக்குள் நீளம் அடங்குகிறதா என்று பாருங்கள்.

பக்கங்களை எப்படி இணைப்பது என்பது அவற்றை எப்படி ஒதுக்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. விமேலாக் யூசர் கொண்டு ஒதுக்கியதை ரீமேப் விமேலாக் ரேஞ்ச் கொண்டு இணைக்கலாம். சாதனம் டிஎம்ஏ மூலம், அதாவது சிபியுவின் துணையின்றி, நேரடியாக எழுதும் பஃபரை டிஎம்ஏ அலாக் கோஹெரன்ட் கொண்டு ஒதுக்கி, டிஎம்ஏ எம்மேப் கோஹெரன்ட் கொண்டு இணைக்க வேண்டும். அதன் பௌதிக முகவரியை நீங்களே கணக்கிட்டு ரீமேப் பிஎஃப்என் ரேஞ்சிடம் கொடுப்பது சில பலகைகளில் ஓடி, ஐஓஎம்எம்யு (சாதனம் பயன்படுத்தும் முகவரிகளை மாற்றித் தரும் வன்பொருள்) உள்ள பலகையில் கவிழ்ந்துவிடும். சாதனத்தின் ரெஜிஸ்டர்களைக் காட்ட வேண்டுமென்றால் மட்டும் கேஷ் நீக்கிய முறையில் ஐஓ ரீமேப் பிஎஃப்என் ரேஞ்ச் பயன்படும்.

கர்னலின் சிறு ஒதுக்கீடுகளுக்கான கேமேலாக் கொண்டு ஒதுக்கிய நினைவகத்தைப் பகிரவே வேண்டாம். நிரலுக்குக் காட்டக்கூடிய மிகச் சிறிய அலகு ஒரு பக்கம். பல கணினிகளில் அது 4,096 பைட், சில ஏஆர்எம் கணினிகளில் 16 அல்லது 64 கிலோபைட். நீங்கள் 200 பைட் ஒதுக்கியிருந்தாலும், அந்தப் பக்கத்தில் குடியிருக்கும் மற்ற கர்னல் தரவுகளும் சேர்ந்து நிரலுக்குத் தெரியும். உங்கள் படத்தின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 41,47,200 பைட்டை 4,096ஆல் வகுத்தால் 1,012 பக்கங்கள் போக 2,048 பைட் மீதி வருகிறது. ஆக 1,013 பக்கங்களை இணைக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தின் பின்பாதியில் உங்கள் படம் இல்லை. அங்கே என்ன இருக்கும்? அந்தப் பக்கத்தை முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போனது எதுவும் இருக்கலாம், கடவுச்சொல்லாகக்கூட இருக்கலாம். ஆகையால் பகிரும் பக்கங்களை முழுப் பக்கங்களாகவே ஒதுக்கி, முதலிலேயே சுழியமாக்கிவிட வேண்டும். மேலே சொன்ன விமேலாக் யூசர் அதைத் தானே செய்துவிடும். அதன் பெயரில் யூசர் என்ற சொல் ஒட்டியிருப்பது அதனால்தான்.

விடுவிப்பதில் லினக்ஸ் உங்களுக்கு ஓர் உதவி செய்கிறது. இணைப்பு உயிரோடு இருக்கும் வரை அந்த விஎம்ஏ உங்கள் டிவைஸ் கோப்பைப் பிடித்துவைத்திருக்கும். நிரல் கோப்பை மூடிவிட்டாலும், கடைசி இணைப்பு போகும் வரை டிரைவரின் ரிலீஸ் செயற்கூறு அழைக்கப்படாது. நிரலை இடையிலே கொன்றாலும் கர்னலே இணைப்புகளை நீக்கிவிட்டுப் பிறகு ரிலீஸை அழைக்கும். எனவே திறந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் தனி பஃபர் வைத்து, அதை ரிலீஸில் விடுவிப்பதே மிக எளிய, மிகப் பாதுகாப்பான வடிவம். பல நிரல்களுக்குப் பொதுவான பஃபர் என்றால் எண்ணிக்கை வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது: நிரல் ஃபோர்க் செய்தால் (தன்னைப்போலவே ஒரு குழந்தைப் புராசஸை உண்டாக்கினால்) அந்தக் குழந்தைக்கும் இணைப்பு போகிறது, பாதியை மட்டும் மன்மேப் செய்தால் (இணைப்பை நீக்கினால்) ஒரு விஎம்ஏ இரண்டாக உடைகிறது. இந்த இரு நேரங்களிலும் விஎம்ஏவின் ஓப்பன் செயற்கூறு அழைக்கப்படும். ஆனால் முதன்முதலில் எம்மேப் செய்யும்போது அது அழைக்கப்படாது. முதல் எண்ணிக்கையை நீங்களே கூட்டாவிட்டால் கணக்கில் ஒன்று குறைந்து, நிரல் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும் நினைவகம் விடுவிக்கப்பட்டுவிடும்.

சாதனத்தை ஓடும்போதே பிடுங்க முடியுமானால் இன்னும் ஒரு படி கூடுதல் வேலை. சாதனம் போனதும் டிரைவரின் ரிமூவ் செயற்கூறு அழைக்கப்படும் நேரத்தில் நிரலிடம் இணைப்பு இருக்கக்கூடும். பஃபர் சாதாரண நினைவகம் என்றால் கடைசி இணைப்பு போகும் வரை அதை வைத்திருந்தாலே போதும். ரெஜிஸ்டர்கள் என்றால் அன்மேப் மேப்பிங் ரேஞ்ச் மூலம் நிரலின் அட்டவணையிலிருந்து அவற்றை அழித்துவிட்டு, பிறகு தொடுபவர்களுக்கு சிக்பஸ் என்ற பிழைச் சிக்னல் கிடைக்கும்படி ஃபால்ட் செயற்கூற்றை எழுதிவைக்க வேண்டும்.

எம்மேப்பில் பலரும் தவறவிடும் இரண்டு சிறு சோதனைகளைச் சொல்லி லினக்ஸ் பகுதியைத் தாண்டுகிறேன். நிரல் பகிர்வு முறையில் அல்லாமல் தனி (பிரைவேட்) முறையில் எம்மேப் கேட்டால், அது எழுதும்போது அதற்கு மட்டும் ஒரு தனி நகல் உருவாகலாம்; அதன் எழுத்து டிரைவருக்கு வந்து சேராது. அத்தகைய கோரிக்கையை மறுத்துவிடுங்கள். அடுத்து, படிக்க மட்டும் என்று கொடுக்கும் இணைப்பில் எழுதும் கொடியை நீக்கினால் போதாது. 'பின்னால் எழுதலாம்' என்று பொருள்படும் மேரைட் கொடியையும் நீக்க வேண்டும். இல்லையென்றால் நிரல் எம்புரொடெக்ட் அழைத்துத் தனக்குத் தானே எழுதும் உரிமையை வழங்கிக்கொள்ளும். 6.3 பதிப்பிலிருந்து இந்தக் கொடிகளை நேரடியாக மாற்ற முடியாது. அதற்கென உள்ள செயற்கூறுகள் வழியேதான் மாற்ற வேண்டும். பழைய எடுத்துக்காட்டுகளை அப்படியே ஒட்டினால் கம்பைல் ஆகாததற்கு அதுவே காரணம்.

விண்டோஸுக்கு வருவோம். அங்கே என் பரிந்துரை தலைகீழானது: நினைவகம் நிரலுடையதாகவே இருக்கட்டும். நிரல் பஃபரை ஒதுக்கி, மெத்தட் அவுட் டைரக்ட் வகையில் வரையறுத்த ஓர் ஐஆக்டில் வழியே ஓவர்லேப்டு முறையில் (முடியும் வரை காத்திராமல்) டிரைவரிடம் கொடுக்கிறது. ஐஓ மேனேஜர் அந்தப் பக்கங்களைச் சோதித்து, நினைவகத்தில் பூட்டி, அவற்றை விவரிக்கும் எம்டிஎல்லை ஐஆர்பியோடு (அந்தக் கோரிக்கையைச் சுமந்து வரும் அமைப்போடு) இணைத்து உங்களிடம் தருகிறது. எம்எம்கெட்சிஸ்டம்அட்ரஸ்ஃபார்எம்டிஎல்சேஃப் என்ற நீண்ட பெயருள்ள செயற்கூற்றை அழைத்தால் அதே பக்கங்களுக்குக் கர்னல் முகவரி ஒன்று கிடைக்கும். கிடைக்காமல் நல் (வெற்று முகவரி) திரும்பவும் வாய்ப்புண்டு என்பதால் அதைச் சோதியுங்கள். பிறகு அந்த ஐஆர்பியை முடிக்காமல் நிலுவையில் வைத்துக்கொள்ளுங்கள். அது நிலுவையில் இருக்கும் வரை பக்கங்கள் பூட்டியே இருக்கும். எந்தப் புராசஸ் ஓடிக்கொண்டிருந்தாலும், டிபிசிக்குள்ளிருந்தும் (இன்டரப்டுக்குப் பின் ஓடும் வேலைக்குள்ளிருந்தும்) அந்தக் கர்னல் முகவரியில் எழுதலாம். நிரல் தன் பழைய முகவரியிலேயே அதைப் படித்துக்கொள்ளும்.

இந்த வழியின் அழகு அதன் முடிவில் தெரியும். நிரல் செத்தால் ஐஓ மேனேஜர் நிலுவையிலுள்ள ஐஆர்பிகளை ரத்து செய்யச் சொல்லும். நீங்கள் ஐஆர்பியை முடித்தவுடன் பூட்டைத் திறப்பது, எம்டிஎல்லை விடுவிப்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். விண்டோஸின் டிரைவர் கட்டமைப்பான டபிள்யூடிஎஃப் பயன்படுத்தி, கோரிக்கையைக் கையேடு வகை வரிசையில் நிறுத்தி வைத்தால், ரத்து செய்வதைக்கூட வரிசையே கவனித்துக்கொள்ளும். ஆனால் அப்போது உங்களுக்குத் தெரியாமலேயே பஃபர் போய்விடக்கூடும். ஆகவே அந்த முகவரியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் டிரைவர், வரிசை தரும் ரத்து அறிவிப்பைக் கேட்டு, சாதனம் எழுதுவதை முதலில் நிறுத்திவிட்டு அதன்பின் கோரிக்கையை முடிக்க வேண்டும். ரத்து செய்ய வழியே இல்லாமல் ஐஆர்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால் புராசஸ் சாகாமல் தொங்கும். நீங்களே பக்கங்களைப் பூட்டி, திறக்க மறந்தால் 0எக்ஸ்76 அல்லது 0எக்ஸ்சிபி என்ற எண்ணோடு நீலத்திரை வரும். இரண்டுமே 'பூட்டிய பக்கங்களை விட்டுவிட்டாய்' என்ற குற்றச்சாட்டுத்தான்.

மாறாக, டிரைவரின் பக்கங்களை எம்எம்மேப்லாக்ட்பேஜஸ்ஸ்பெசிஃபைகேஷ் மூலம் பயனர் முறையில் இணைப்பதும் முடியும். பலர் முதலில் தேடிப்போவது அதைத்தான். அதில் இணைப்பது நடப்புப் புராசஸுக்குள் நிகழ்வதால், அழைத்த நிரலின் சூழலில்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது உறுதியாக வேண்டும். உங்களுக்கு மேலே ஒரு ஃபில்டர் டிரைவர் இருந்து, கோரிக்கையை வேறொரு த்ரெட்டுக்கு மாற்றிவிட்டால் இணைப்பு வேறொரு புராசஸுக்குள் போய் விழும். இணைக்க முடியாதபோது அது நல் திருப்பாமல் எக்ஸெப்ஷன் எழுப்பும் என்பதால் ட்ரை எக்ஸெப்டுக்குள் வைக்க வேண்டும். விடுவிப்பதையும் அதே புராசஸின் சூழலில் செய்தாக வேண்டும். கிளீனப் வரும்போது செய்துகொள்ளலாம் என்று நினைப்பீர்கள். கிளீனப் கோரிக்கை வருவது கடைசி ஹேண்டில் (திறந்த சாதனத்தைக் குறிக்கும் எண்) மூடப்படும்போது. அந்த ஹேண்டிலை இன்னொரு புராசஸுக்கு நகலெடுத்துக் கொடுத்திருந்தால், இணைத்த புராசஸ் செத்த பிறகு அந்நியப் புராசஸின் சூழலில் கிளீனப் வந்து நிற்கும். இந்தச் சங்கடங்களையெல்லாம் சமாளிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. நிலுவை ஐஆர்பி வழியில் அவை எழுவதே இல்லை என்பதால் அதைச் சொல்கிறேன்.

லினக்ஸிலும் நிரலின் நினைவகத்தைப் 'பின் யூசர் பேஜஸ்' என்ற செயற்கூறு மூலம் பூட்டிக்கொள்ளும் வழி உண்டு. 2020இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து இதற்கு இந்தப் பெயர். பழைய கெட் யூசர் பேஜஸ் முறையில் ஒரு விசித்திரப் பிழை நிகழ்ந்தது. சாதனம் டிஎம்ஏ செய்துகொண்டிருக்கும்போது நிரல் ஃபோர்க் செய்தால், பக்கங்கள் தாய்க்கும் குழந்தைக்கும் 'எழுதும்போது நகலெடு' என்ற முறையில் பொதுவாகிவிடும். அதன்பின் தாய் அதே பக்கத்தில் ஒரு பைட் எழுதினாலும் தாய்க்குப் புதிய நகல் கிடைக்கும். சாதனமோ பழைய பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். தரவு வருகிறது, ஆனால் நிரலின் கண்ணில் படுவதில்லை. அண்மைய கர்னல்கள் பூட்டிய பக்கங்களை ஃபோர்க்கின்போதே குழந்தைக்கு நகலெடுத்துக் கொடுத்து இதைத் தவிர்க்கின்றன. பழைய கர்னல்களையும் தாங்க வேண்டுமென்றால் நிரல் அந்தப் பகுதிக்கு எம்அட்வைஸ் அழைப்பில் டோன்ட்ஃபோர்க் என்று சொல்லிவைக்க வேண்டும்.

இணைப்பு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அதற்குள் இருக்கும் தரவைப் பற்றிப் பேச வேண்டும். நிரல் எழுதக்கூடிய எந்த பைட்டும் எந்தக் கணத்திலும் மாறலாம் என்று டிரைவர் கருத வேண்டும். ஒரு காட்சியை மெதுவாகப் பார்ப்போம். பகிர்ந்த தலைப்பகுதியில் நீளம் என்ற புலம் இருக்கிறது. டிரைவர் அதைப் படிக்கிறது: 64. அது 4,096க்குள் இருக்கிறதா என்று சோதிக்கிறது: இருக்கிறது. அடுத்த வரியில் அந்த நீளத்துக்கு உள்ளே நகலெடுக்கத் தொடங்கும்போது, மீண்டும் அதே புலத்தைப் படிக்கிறது. இரண்டு படிப்புகளுக்கும் இடையே வேறொரு கோரில் ஓடும் நிரலின் இன்னொரு த்ரெட் அங்கே 70,000 என்று எழுதிவிட்டிருக்கிறது. சோதித்தது ஓர் எண், பயன்படுத்தியது வேறோர் எண். இதை இரட்டைப் படிப்பு என்பார்கள். 2013இல் இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஓர் எமுலேட்டருக்குள் விண்டோஸை ஓட்டி, கர்னல் ஒரே பயனர் முகவரியை இரண்டு முறை படிக்கும் இடங்களைப் பதிவு செய்தபோது, இத்தகைய பிழைகள் பல அகப்பட்டன. மதிப்பை ஒரு லோக்கல் மாறியில் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்று நீங்கள் நினைத்தாலும், கம்பைலர் அந்த மாறியை நீக்கிவிட்டு நினைவகத்திலிருந்தே மறுபடி படிக்க உரிமை உடையது. லினக்ஸில் ரீட் ஒன்ஸ் கொண்டு படித்தால் அதைத் தடுக்கலாம். தலைப்பகுதி பெரிதாக இருந்தால் முழுவதையும் கர்னலின் சொந்த நினைவகத்துக்கு ஒருமுறை நகலெடுத்துக்கொண்டு அங்கே சோதியுங்கள். நகலைத் தவிர்க்கத்தானே இத்தனையும் என்று கேட்கலாம்; தவிர்க்க வேண்டியது நாற்பது லட்சம் பைட்டை, நாற்பது பைட்டை அல்ல.

புலங்களின் வகைகளை 32 அல்லது 64 பிட் என்று அளவு குறித்தே அறிவியுங்கள். 64 பிட் கர்னலில் 32 பிட் நிரல் ஓடும்போது லாங், பாயின்டர் போன்றவற்றின் அளவு மாறுபட்டு, அமைப்பின் இடைவெளிகள் பொருந்தாமல் போகும்.

படங்களை வரிசையாகத் தர ரிங் பஃபர், அதாவது கடைசி இடம் நிரம்பியதும் தொடக்கத்துக்குத் திரும்பும் வட்ட வரிசை வைப்பதே வழக்கம். டிரைவர் மட்டும் எழுதும் ஹெட், நிரல் மட்டும் எழுதும் டெய்ல் என்று இரண்டு எண்கள். லினக்ஸின் பெர்ஃப் வசதியும், 2019இல் 5.1 பதிப்பில் வந்த ஐஓ யூரிங்கும் இந்த அமைப்பையே பயன்படுத்துகின்றன. அவற்றின் மூலநிரலைப் படிப்பது நேரத்துக்குத் தகுந்த பலன் தரும். டிரைவர் தன் ஹெட்டின் அசல் மதிப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பகிர்ந்த பகுதியில் அதன் பிரதியை மட்டும் எழுத வேண்டும். அங்கிருந்து திரும்பப் படிக்கக்கூடாது. நிரல் எழுதும் டெய்லைப் படித்ததும் ஹெட்டிலிருந்து அதைக் கழித்து, விடை ரிங்கின் கொள்ளளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைக்காமல் தனித்தனி கேஷ் வரிகளில், அதாவது பெரும்பாலான செயலிகளில் 64 பைட் இடைவெளியில் வையுங்கள். இல்லையென்றால் ஒருவர் எழுதும்போதெல்லாம் மற்றவரின் கேஷ் வரி செல்லாததாகிவிடும்.

ரிங்கில் நான் நெடுநாள் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. படத்தை எழுதிவிட்டு ஹெட்டை ஒன்று கூட்டும் எளிய நிரல். எக்ஸ்86 கணினியில் பல வாரங்கள் பிசகாமல் ஓடியது. அதையே ஏஆர்எம் பலகைக்கு மாற்றியபோது, எப்போதாவது ஒரு படத்தின் சில வரிகளில் முந்தைய படத்தின் துண்டு தெரிந்தது. சாதனத்தை, கேபிளை, டிஎம்ஏவை எல்லாம் சந்தேகித்து முடித்த பிறகுதான் உறைத்தது. எக்ஸ்86 செயலி ஒரு கோரின் சாதாரண எழுத்துகளை எழுதிய வரிசையிலேயே மற்றவர்களுக்குக் காட்டும். ஏஆர்எம் அப்படி உறுதி தருவதில்லை. ஹெட் கூடியது முதலிலும் படத்தின் கடைசி பைட்டுகள் பிறகும் நிரலுக்குத் தெரிந்திருக்கின்றன. டிரைவர் ஹெட்டை ஸ்டோர் ரிலீஸ் (முந்தைய எழுத்துகள் தெரிந்த பிறகே இது தெரியும் என்று உறுதி தரும் எழுத்து) கொண்டு எழுத வேண்டும். நிரல் அதை லோட் அக்வயர் (அதற்கு இணையான படிப்பு) கொண்டு படிக்க வேண்டும். இரு பக்கமும் செய்தால்தான் பயன். வாலட்டைல் என்று அறிவிப்பது கம்பைலரை ஓரளவு கட்டுப்படுத்துமே தவிர, செயலியைக் கட்டுப்படுத்தாது.

படத்தை எழுதுவது சிபியு அல்ல, சாதனமே டிஎம்ஏ மூலம் எழுதுகிறது என்றால் கேஷ் ஒத்திசைவும் கணக்கில் வரும். கோஹெரன்ட் ஒதுக்கீடு ஒத்திசைவைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் சில பலகைகளில் அது கேஷ் இல்லாத நினைவகமாக இருக்கும் என்பதால், நிரல் அதைப் படிப்பது வியக்கத்தக்க அளவு மெதுவாக இருக்கும். அங்கே ஸ்ட்ரீமிங் முறையில் ஒதுக்கி, ஒவ்வொரு படம் வந்ததும் டிஎம்ஏ சிங்க் அழைத்துவிட்டு நிரலிடம் கொடுப்பது நல்லது. ஒரே பக்கத்தைக் கர்னல் பக்கம் கேஷோடும் நிரல் பக்கம் கேஷ் இல்லாமலும் இணைத்து வைப்பது எந்த இயங்குதளத்திலும் ஆபத்து.

பகிர்ந்த நினைவகம் யாரையும் எழுப்பாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. புதிய படம் வந்ததை நிரல் எப்படி அறியும்? ஹெட்டையே பார்த்துக்கொண்டு சுழன்றால் ஒரு கோர் முழுவதும் அதற்கே போய்விடும். லினக்ஸில் நிரலைக் காத்திருக்க வைத்து எழுப்ப உதவும் 'போல்' என்ற டிரைவர் செயற்கூறு அல்லது ஈவென்ட்எஃப்டி என்ற அறிவிப்பு வசதி போதும். விண்டோஸில் நிரல் உருவாக்கிய ஈவென்ட் ஹேண்டிலை டிரைவர் பெற்று, பயனர் முறை உரிமைச் சோதனையோடு அதைப் பொருளாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். அதைவிட எளிது, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு ஐஆர்பியை நிலுவையில் வைத்து, படம் வந்ததும் அதை முடிப்பது. எதுவானாலும், தூங்கப் போகும் முன் 'தூங்கப் போகிறேன்' என்று பதிவு செய்துவிட்டு, ரிங்கை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நிரல் தூங்க வேண்டும். வரிசையை மாற்றினால், சரியாக அந்த இடைவெளியில் வந்த படத்துக்கு எழுப்புதல் கிடைக்காது.

எழுதி முடித்ததும், ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனையில் நின்றுவிடாதீர்கள். படங்கள் பாய்ந்துகொண்டிருக்கும்போது நிரலைக் கில் மைனஸ் 9 கொடுத்துக் கொல்லுங்கள். இணைத்த பிறகு கோப்பை மூடிவிட்டு இணைப்பை மட்டும் வைத்திருங்கள். ஃபோர்க் செய்து தாயைச் சாகவிட்டுக் குழந்தையைப் படிக்கச் சொல்லுங்கள். இணைப்பின் நடுவிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை மன்மேப் செய்யுங்கள். ஒரு த்ரெட் ரிங்கின் டெய்லில் தற்செயலான எண்களை எழுதிக்கொண்டே இருக்கட்டும். லினக்ஸில் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசன் இயக்கிய கர்னலிலும் விண்டோஸில் டிரைவர் வெரிஃபையர் இயக்கியும் இவற்றைச் செய்யுங்கள். பிடுங்கக்கூடிய சாதனம் என்றால், இவை எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே கேபிளையும் ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள்.